மூன்று கொட்டேஷனும் இரண்டு நிறமும்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து நிவேதா போன் செய்தாள். கோயம்புத்தூர்ப் பெண். இதே ஊரில் கராடிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருந்தவள், மனசு ஒட்டவில்லை என்று அதை விட்டுவிட்டு, நான் ஓய்வு பெற்றபோது காலியான இடத்துக்கு வந்திருக்கிறாள்.

"மேடம், இனிமே விண்ணப்பம் எல்லாமே வெப்சைட்லதானுங்க. ஒவ்வொரு கிராண்டுக்கும் எவ்வளவு பலன்னு மார்க் போடப் போறோம். உங்க சர்வீஸ்லயே நல்லாப் பலன் குடுத்தது எதுன்னு சொன்னீங்கன்னா மாதிரிக்கு வச்சுக்குவோமுங்க."

"பிளாஸ்டிக் நாற்காலி" என்றேன்.

கீபோர்டில் தட்டுகிற சத்தம் கேட்டது. "அது எந்தத் தலைப்புல வருமுங்க?"

"எந்தத் தலைப்புலயும் வராதும்மா. எழுதி அனுப்புதேன், படி" என்று வைத்துவிட்டேன். ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்? அன்று மத்தியானமே எழுத உட்கார்ந்தேன், இப்போதுதான் முடிக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். என் வீட்டுக்காரருக்கு இந்த மராட்டிய ஊரில், கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. கல்யாணமாகி வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த இந்தி ரயிலில் காதில் விழுந்ததுதான். மராத்தியைக் காய்கறிக்காரிகளிடம் கற்றேன். அதனால் நான் மராத்தியில் நலம் விசாரித்தால்கூட விலையைக் குறைக்கச் சொல்வது மாதிரி இருக்கும் என்று எல்லாரும் கேலி செய்வார்கள். டைப்பிங் தெரியும் என்று ஓர் அறக்கட்டளையில் சேர்ந்தேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்ததும், "இவளுக்கு விரலைவிட வாய் வேகம், வெளியே அனுப்புங்கள்" என்று களப்பணிக்கு மாற்றினார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தோள்பை, ஒரு பஸ் பாஸ், அப்புறம் ஒரே ஓர் உத்தரவு: டீ கொடுத்தால் குடி, சாப்பாடு போட்டால் தட்டாதே, வாக்கு மட்டும் கொடுத்துவிடாதே.

அறக்கட்டளையின் பெயர் வேண்டாம். பெண்களே கூடி நடத்தும் சின்னச் சின்ன அமைப்புகளுக்குச் சிறு நிதி கொடுப்போம். தெருவில் இரண்டு கூட்டம் முறைத்துக்கொண்டு நின்றால் நடுவில் போய் நிற்கிற பெண்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய அமைப்புகள். நிதியின் நோக்கம் 'அமைப்பை வலுப்படுத்துதல்'. சிறு நிதி என்றால் நிஜமாகவே சிறியது. அதில் ஒரு பழைய ஸ்கூட்டர்கூட வாங்க முடியாது. ஆனால் அதற்கு நாங்கள் கேட்கிற கேள்வியை வைத்து ஒரு கப்பலே வாங்கலாம்.

கேள்வி கேட்பவர் எங்கள் இயக்குநர் பர்வே மேடம். கறாருக்குப் பேர்போன பழைய பேட்டையான சதாசிவ் பேட்டில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்களை மேய்த்தவர். கையில் எப்போதும் ஓர் அடி ஸ்கேல் இருக்கும். எந்தக் காகிதம் வந்தாலும் ஸ்கேலை முதல் வரியின்கீழ் வைத்துப் படிப்பார். அந்த வரி திருப்தியானால்தான் ஸ்கேல் கீழே இறங்கும். ஸ்கேல் ஓரிடத்தில் நின்றுவிட்டால் எதிரே நிற்கிற நமக்கு வியர்க்கும். கோபப்படவே மாட்டார். "எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்பார்.

நான் எழுதிய முதல் அறிக்கையில் 'பெண்கள் ஒற்றுமையாக அமர்ந்திருந்தனர்' என்று ஒரு வரி. ஸ்கேல் அங்கே நின்றது.

"ஒற்றுமையாகன்னா? எப்படித் தெரியும்?"

"நெருக்கமா உட்கார்ந்திருந்தாங்க மேடம். நடுவுல என் டிபன் டப்பா வைக்கக்கூட இடமில்லை. மடியிலேயே வச்சிருந்தேன்."

"அதை எழுது" என்றார். எழுதினேன். என் அறிக்கையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது வராமல் இருந்ததே இல்லை என்று அதற்கப்புறம் பேர் வாங்கினேன்.

மேடத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நல்ல ஆகிருதி, முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்காது. எப்போதோ ஒரு விழாவில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று மேடை மேலேயே அவரைக் கைவிட்டுவிட்டது. அன்றிலிருந்து எங்கே போனாலும் இரண்டு நாற்காலியை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, கையால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். இதில் அவருக்கு வெட்கமெல்லாம் கிடையாது. "ஒன்று தாங்காத இடத்தில் இரண்டு போட்டால் போகிறது" என்பார்.

இனிக் கோந்த்வாப் பகுதிக்கு வருகிறேன்.

அங்கே அடுத்தடுத்து இரண்டு சந்து. ஒன்றில் இந்துக்கள் அதிகம், ஒன்றில் முஸ்லிம்கள் அதிகம். இரண்டும் சேருகிற முக்கில் ஒரு வேப்பமரம். இரண்டு சந்துப் பெண்களும் சேர்ந்து ஓர் அமைப்பு வைத்திருந்தார்கள். நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஷாஹீன், பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். மற்றவள் சுரேகா, மாவு மில்காரி. ஊரில் எந்த வதந்தி கிளம்பினாலும் முதலில் பார்லருக்கு வரும், அடுத்தது மில்லுக்கு. வந்ததும் இவள் ஷட்டரை இறக்குவாள், அவள் மோட்டாரை நிறுத்துவாள், இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் போய் அது நிஜந்தானா என்று தங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வருவார்கள். வந்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, கத்திக்கொண்டிருக்கிற ஆட்களை உட்கார வைத்துப் பார்த்ததைச் சொல்லுவார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய அமைதிப் பணி. பல வருஷமாக அது நடந்தது.

நாற்காலிதான் பிரச்சினை. பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுப்பார்கள். தெருவில் பதற்றம் என்றால் பந்தல்காரர் பயந்துபோய்க் கடையைச் சாத்திவிடுவார். "எப்போ நாற்காலி வேணுமோ அப்போதான் கிடைக்காது அக்கா" என்றாள் ஷாஹீன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். "நின்னுட்டுப் பேசினா ஆம்பளைங்களுக்குக் கை நீளும். உட்கார வச்சா வாயோட போயிடும். எங்களுக்குச் சொந்தமா நாற்காலி வேணும்."

எனக்குப் புரிந்தது. பர்வே மேடத்துக்குப் புரிய வைக்க மூன்று அமர்வு ஆயிற்று. கடைசியில் ஸ்கேல் பக்கத்தின் அடிவரைக்கும் இறங்கியது, கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது கொள்முதல். எங்கள் விதிப்படி மூன்று கடையில் கொட்டேஷன் வாங்கி, எது குறைவோ அங்கேதான் எடுக்க வேண்டும். எப்படிப்பட்ட நாற்காலி என்பதை மேடமே எழுதினார். கை வைத்தது, முதுகு உயர்ந்தது, இத்தனை கிலோ தாங்கக்கூடியது. இந்தக் கிலோ விஷயத்தில் அவருக்குச் சொந்த அக்கறை உண்டு. கடைசி வரி, 'நிறம்: எதுவானாலும் சரி'. பொதுப் பணத்தில் நிறம் பார்ப்பது ஆடம்பரம் என்பது அவர் கொள்கை.

மூன்று கடைக்கும் நான்தான் அலைந்தேன். ஒன்றிலிருந்து நாலு மணிவரை கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிற கடைக்காரர்களை எழுப்பிக் கொட்டேஷன் வாங்குவதற்கே தனிச் சம்பளம் தரலாம். மிகக் குறைந்த விலை சொன்னவர் சொல்லும்போதே சிரித்தார். "வேற வேற ரெண்டு கட்சிக்காரங்க அவங்கவங்க கூட்டத்துக்குன்னு சொல்லி வச்சு, வாங்காமப் போயிட்டாங்க. சும்மா கிடக்குது, எடுத்துக்கோங்க. உறுதிக்கு நான் பொறுப்பு." சரக்கு ஊருக்கு வெளியே கிடங்கில் இருந்தது. மேடத்தின் ஆணை போயிற்று, டெம்போ நேராகக் கோந்த்வாவுக்கு வந்தது.

டெம்போவின் தார்ப்பாயை விலக்கியபோது நானும் அங்கே நின்றேன். பாதி நாற்காலி பளிச்சென்று பச்சை. பாதி நாற்காலி பளிச்சென்று காவி. டிரைவர் ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார். "நடுவுல வெள்ளை மட்டும் இருந்தா கொடியாவே ஆயிருக்கும் மேடம்" என்றார்.

இந்த ஊரில் நிறம் சும்மா நிறமில்லை. எந்தச் சந்தில் எந்தக் கலர் தோரணம் கட்டுவார்கள் என்பது குழந்தைக்கும் தெரியும். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சுரேகாதான் முதலில் வாயைத் திறந்தாள். "பரவாயில்லை, உட்காரத்தானே. பின்பக்கத்துக்கு என்ன கலர் தெரியப் போகுது?" எல்லாரும் சிரித்தார்கள். சரி, கெட்டிக்காரிகள், சமாளித்துவிடுவார்கள் என்று நானும் பஸ் ஏறிவிட்டேன்.

பின்பக்கத்துக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது.

முதலில் சுரேகா சந்தில் ஒரு குழந்தைக்குப் பேர் வைத்தார்கள். நாற்காலி எடுக்க வந்த ஆண்கள் காவியை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் ஷாஹீன் சந்தில் ஒரு நிக்காஹ். போனது பச்சை. திருப்பிக் கொண்டுவந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் அடுக்கினார்கள். அப்புறம் "எதுக்கு வீணா அங்கேயும் இங்கேயும் தூக்கணும், அது அது அங்கங்கேயே இருக்கட்டும்" என்று சுரேகா சொல்லியிருக்கிறாள். வேலை மிச்சம் என்ற எண்ணம்தான். ஆனால் "உங்க நாற்காலி", "எங்க நாற்காலி" என்ற பேச்சு அன்றைக்குத்தான் அந்த அமைப்பில் முதல்தடவை வந்தது. ஷாஹீனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "இத்தனை வருஷம் கழிச்சு நீயே பிரிச்சுட்டியே" என்றாளாம். "கலர் பார்த்தது நீயா நானா?" என்றாளாம் சுரேகா.

நான் மாதாந்திரக் கூட்டத்துக்குப் போனபோது இரண்டு கலர் நாற்காலியும் வந்திருந்தன. பெண்களும் வந்திருந்தார்கள். யாரும் சொல்லாமலே பச்சையில் ஷாஹீன் சந்து, காவியில் சுரேகா சந்து. நடுவில் என் டிபன் டப்பா என்ன, ஒரு மாட்டு வண்டியே போகலாம். நான் எதில் உட்காருவது? பஸ்ஸில் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று புளுகிவிட்டு நின்றுகொண்டே கூட்டத்தை முடித்தேன்.

சண்டை எந்த அளவுக்கு முற்றியிருந்தது என்பதை வெளியே வந்துதான் தெரிந்துகொண்டேன். ஷாஹீன் மில்லுக்குப் போகாமல் கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறாள். சுரேகா புருவம் திருத்துவதற்கு ஊர் நடுவில் இருக்கிற கேம்ப் கடைத்தெரு வரைக்கும் ஆட்டோவில் போய் வருகிறாள். நம் ஊர்ப்பக்கம் சம்பந்திகள் பத்திரிகை வைக்காமல் விடுவதற்குச் சமம் இது.

எனக்கு அழுகை வந்தது. ஏனென்றால் விநாயகர் கரைப்பும் மிலாது நபி ஊர்வலமும் அடுத்தடுத்து விழுந்த வருஷம் அது. இரண்டு ஊர்வலமும் அந்த வேப்பமரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த நேரத்தில் இந்த இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் ஏறவில்லை என்றால் யார் போய்ப் பார்ப்பது, யார் வந்து சொல்வது? நாங்கள் வலுப்படுத்தப் போய் அமைப்பை இரண்டாகப் பிளந்துவிட்டோம்.

நிறத்தை மாற்றலாமா என்றால், விற்றது விற்றதுதான் என்றார் கடைக்காரர். பெயின்ட் அடித்தால் பிளாஸ்டிக்கில் நிற்காது, சேலையில்தான் நிற்கும். கல்யாண மண்டபம் மாதிரி வெள்ளை உறை தைத்துப் போடலாம் என்றேன். "யார் துவைக்கிறது?" என்று இரண்டு சந்திலும் ஒரே கேள்வி. அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள்.

அறிக்கை எழுதினேன். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை ஒளிக்காமல் எழுதினேன். பர்வே மேடத்தின் ஸ்கேல் அந்த வரியில் போய் நின்றது. வெகுநேரம் நகரவில்லை. 'எப்படித் தெரியும்?' என்று அவர் கேட்காதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நாளைக்கு நான் வருகிறேன்" என்றார்.

மேடம் களத்துக்கு வருவது என்பது அவ்வளவு லேசான விஷயமில்லை. முழங்கால் காரணமாகப் பல வருஷம் வந்ததே கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோவில் போனோம். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் "ஆயி க" என்று அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

வேப்பமரத்தடியில் எல்லாரும் காத்திருந்தார்கள். இந்தப் பக்கம் பச்சை அடுக்கு, அந்தப் பக்கம் காவி அடுக்கு. ஷாஹீன் ஒரு பச்சை நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க மேடம்" என்றாள். அதே நேரத்தில் சுரேகா ஒரு காவி நாற்காலியை இழுத்துப் போட்டு, "இங்கே உட்காருங்க மேடம்" என்றாள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். அத்தனை பேரும் மேடத்தையே பார்த்தார்கள். எதில் உட்கார்ந்தாலும் ஒரு சந்து போச்சு.

மேடம் இரண்டையும் பார்த்தார். குனிந்து ஒவ்வொன்றின் காலையும் ஸ்கேலால் தட்டினார். "லேசாக இருக்கிறது, ஒன்று தாங்காது" என்றார். சொல்லிவிட்டு, இருபது வருஷமாக எங்கே போனாலும் என்ன செய்வாரோ அதையே செய்தார். காவியைத் தூக்கிப் பச்சைக்குள் போட்டார். கையால் அமுக்கினார். அப்பாடா என்று உட்கார்ந்தார்.

டப் என்று ஒரு சத்தம் கேட்டது. உடைந்துவிட்டது என்று ஷாஹீனும் சுரேகாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பாய்ந்து மேடத்தின் கையைப் பிடித்தார்கள். உடையவில்லை. மேடமும் பதறவில்லை. ஸ்கேலை மடியில் வைத்துக்கொண்டு, "சரி, என்ன தகராறு, சொல்லுங்கள்" என்றார்.

சொன்னார்கள். ஒருத்தி சொல்ல, மற்றவள் மறுக்க, பழசெல்லாம் வெளியே வந்தது. மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார், தீர்ப்பெல்லாம் சொல்லவில்லை. எல்லாம் முடிந்ததும் எழுந்தார். சுரேகா தன் காவி நாற்காலியை எடுக்கப் போனாள். வரவில்லை. இழுத்தாள், வரவில்லை. இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு அச்சு. மேடம் உட்கார்ந்த உட்காரலில் ஒன்றுக்குள் ஒன்று போய்க் கவ்விக்கொண்டுவிட்டது.

"நீ பச்சையைப் பிடி" என்றாள் சுரேகா. எத்தனையோ வாரம் கழித்து ஷாஹீனிடம் அவள் நேராகப் பேசியது அதுதான். ஷாஹீன் பிடித்தாள். ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம் இழுத்தார்கள். பார்லர்க் கையும் மில்லுக் கையும் சேர்ந்து இழுத்தும் பிரியவில்லை. ஷாஹீன் கால் வழுக்கிப் பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். அப்புறம் அவளே ஆரம்பித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க. சுரேகாவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தத் தண்ணீர் முழுக்கச் சிரிப்பில்லை என்பது பார்த்த எனக்குத் தெரியும்.

"எல்லாத்தையும் இப்படியே போட்டுடலாமா?" என்றாள் ஷாஹீன், தரையிலிருந்தபடியே.

அன்று சாயங்காலம் அந்த முக்கில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு தாங்காது. ஒரு பச்சை, ஒரு காவி என்று ஜோடி போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அழுத்தினார்கள். கொஞ்சம் சதை போட்டவர்களை இரண்டு சந்திலிருந்தும் மரியாதையாகக் கூட்டி வந்தார்கள். "பாபி, நீங்க ஒருதடவை உட்கார்ந்தாப் போதும்!" என்று அந்த அண்ணிமார்களிடம் கெஞ்சல். வாழ்நாளெல்லாம் டாக்டரிடம் திட்டு வாங்கினவர்கள் அன்று ராணி மாதிரி நாற்காலி நாற்காலியாகப் போய் அமர்ந்தார்கள். என்னையும் விடவில்லை. நான் அழுத்தினது மூன்றோ நாலோ இருக்கும்.

உட்காரும் இடம் பாதியாகக் குறைந்துவிட்டதே என்று எனக்குக் கவலை. திரும்பி வரும்போது ஆட்டோவில் மேடத்திடம் கேட்டேன், அறிக்கையில் என்ன எழுதுவது என்று. "நாற்காலிகள் ஜோடியாகப் பயன்படுத்தப்படுகின்றன. வலு கூடியிருக்கிறது. எழுது" என்றார். அடுத்த ஸ்பீடு பிரேக்கருக்கு மறுபடியும் அம்மாவைக் கூப்பிட்டார்.

பண்டிகை வந்தது. மாலை நேரம், நான் அங்கேதான் இருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது. முக்குக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த விநாயகர் பேனர் குறுக்கே கிழிந்து தொங்குகிறது. யார் கிழித்தார்கள் என்று படத்தில் இல்லை. ஆனால் படத்தை அனுப்பினவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு சந்திலிருந்தும் ஆண்கள் வந்து முக்கில் நிறைந்துவிட்டார்கள்.

ஷாஹீன் ஷட்டரை இறக்கினாள். சுரேகா முகமெல்லாம் மாவோடு ஓடி வந்தாள். ஸ்கூட்டர் கிளம்பியது. ஒரு புருவம் மட்டும் திருத்தியிருந்த வாடிக்கைக்காரி ஒருத்தி, "ஆபா, என் இன்னொரு புருவம்?" என்று ஷாஹீனை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டபடி கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடினாள். நானும் மற்றப் பெண்களும் நாற்காலி போட்டோம்.

"உட்காருங்க, அவங்க பார்த்துட்டு வரட்டும்" என்றேன், என் பேரம் பேசுகிற மராத்தியில்.

பிள்ளையார் வைக்கிற சங்கமான மண்டலின் தலைவர் முன்னால் வந்தார். ஜிம்முக்குப் போகிற உடம்பு. "அந்தப் பச்சையை எடுங்க, நான் காவியில உட்கார்றேன்" என்று நாற்காலியைப் பிடித்து இழுத்தார். மிலாது கமிட்டிக்காரர் ஒருவர் விடுவாரா? "அப்போ எங்க பச்சையை எங்களுக்குக் குடு" என்று அடியைப் பிடித்தார். அவர் மேலே, இவர் கீழே. நரம்பு புடைக்க இழுத்தார்கள். நாற்காலி கீச்சென்றது, பிரியவில்லை. இன்னும் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். "திருப்பிப் போட்டு இழு" என்றார் ஒருவர். "சோப்புத் தண்ணி ஊத்து" என்றார் இன்னொருவர். யோசனை சொன்னவர் எந்தச் சந்து என்று அதற்குள் யாரும் கவனிக்கவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண், "மேடம் உட்கார்ந்த நாற்காலிடா அது, நீங்க எல்லாம் சேர்ந்தாலும் ஆகாது" என்றாள். எங்கோ ஒரு சிரிப்பு, அப்புறம் பத்து சிரிப்பு. மண்டல் தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டார். அது இன்னும் நன்றாக இறுகியது.

அந்த நேரத்தில் ஸ்கூட்டர் திரும்பி வந்தது. பின்னாலேயே ஒரு தண்ணீர் லாரி. லாரியின் கொக்கியில் பேனரின் கிழிந்த துண்டு ஆடிக்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். குறுகலான திருப்பத்தில் மாட்டிக்கொண்டது தெரியவே இல்லை என்றார். ஷாஹீன் இந்தியில் சொன்னாள், சுரேகா மராத்தியில் சொன்னாள். பேனரை எங்கள் பெண்களே தைத்துக் கட்டினார்கள். இரண்டு ஊர்வலமும் வேப்பமரத்தைத் தாண்டிப் போயின. அன்று அங்கே அடிபட்டது ஒருவர்தான், நாற்காலி இழுத்ததில் கமிட்டிக்காரருக்குத் தோள்பட்டை பிசகியிருந்தது. எண்ணெய் தேய்த்துவிட்டது மண்டல் தலைவரின் அம்மா.

அதற்கப்புறம் பர்வே மேடம் ஓய்வு பெற்றார், ஒரு வருஷத்தில் நானும் பெற்றேன். என் வழியனுப்பு விழாவுக்கு ஷாஹீனும் சுரேகாவும் டெம்போவில் வந்தார்கள். பரிசாகக் கொண்டுவந்தது அந்த முதல் ஜோடி, மேடம் உட்கார்ந்து கவ்விக்கொண்டது. வாகட்டில் எங்கள் பிளாட்டின் பால்கனியில் போட்டு, தினமும் காலையில் அதில்தான் காபி. என் வீட்டுக்காரர் ஒருநாள் இரண்டாகப் பிரித்தால் தனக்கும் ஒன்று ஆகுமே என்று ஸ்குரூ டிரைவரோடு வந்தார். விரட்டிவிட்டேன்.

போன வாரம் ஷாஹீனிடமிருந்து போன். சுரேகா மகள் கல்யாணம். "அக்கா, ஒரு நாற்காலி குறையுது. உங்ககிட்ட இருக்கிறதைக் கொண்டுவாங்க."

"பரிசாக் குடுத்ததைத் திருப்பிக் கேட்கிறீங்களா?"

"கேட்கிறோம்" என்றாள், கூச்சமே இல்லாமல்.

வாகட்டிலிருந்து கோந்த்வா வரைக்கும் ஆட்டோவில், மடியில் நாற்காலி. "ஏட்டி, கல்யாண வீட்டுக்கு மொய் கொண்டு போவாக, நாற்காலி கொண்டு போறவள இப்பத்தான் பாக்குதேன்" என்று என் வீட்டுக்காரர் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். பந்தலில் பார்த்தால் வரிசையாக ஜோடி நாற்காலிகள், நிறைய காலியாகவே கிடந்தன. எனக்குக் கோபம் வந்தது. "இத்தனை கிடக்கு, எதுக்கு என்னை வரச் சொன்னே?" என்று ஷாஹீனைப் பிடித்தேன்.

அவள் பந்தல் ஓரத்தைக் காட்டினாள். பர்வே மேடம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். மெலிந்து பாதியாகிவிட்டார். உடம்புக்கு முடியாமல் இருந்தார் என்று கேள்விப்பட்டிருந்தேன், இவ்வளவு என்று தெரியாது. இப்போது அவரை ஒற்றை நாற்காலியே தாங்கும்.

"வந்ததுலேர்ந்து எதுலயும் உட்கார மாட்டேங்கிறாங்க" என்றாள் சுரேகா, கல்யாணச் சேலையோடு ஓடி வந்து. "என் நாற்காலி எங்கேன்னு கேட்கிறாங்க."

நாற்காலியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். மேடம் தடியால் அதன் காலைத் தட்டினார். என்னைப் பார்க்கவில்லை, பக்கத்தில் வந்து நின்ற அந்த இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் தாங்குகிறதா?"

"தாங்குது மேடம்" என்று ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து உட்கார வைத்தார்கள்.